ஜப்பானியர் காலத்து மரவள்ளியும் மாவுச்சத்தின் வேதியியலும்



செமினி போன்ற தோட்டப்புறங்களில் மூத்தவர்கள் "சப்பான்காரன் காலம்" என்று பேச ஆரம்பித்தால், மரவள்ளிக்கிழங்கு கட்டாயம் வந்துவிடும். இந்த வரலாற்றுக்குள் ஒரு வேதியியல் பாடமும் இருக்கிறது.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அன்றைய மலாயா தன் அரிசித் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்தே வாங்கியது. போரில் அந்த வரத்து சுருங்கியது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குச்சியை ஒடித்து நட்டாலே முளைக்கும் மரவள்ளி, லயத்து மக்களின் சோறானது.

அடுப்பில் என்ன நடந்தது?

பச்சை மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக இருக்கும், எளிதில் செரிக்காது. தண்ணீரில் சுமார் 60 முதல் 70 பாகை செல்சியஸ் சூட்டில் மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன. இதுவே கூழ்மமாதல். அதன்பின் உமிழ்நீரின் அமிலேஸ் நொதி எளிதாக வேலை செய்யும். மென்றால் இனிப்பது அதனால்தான்.

இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடாது. அதற்கு அமிலமோ நொதியோ வேண்டும். 1811-இல் ரஷ்யாவில் கிர்ச்சாஃப் கந்தக அமிலம் சேர்த்துக் காய்ச்சித்தான் மாவுச்சத்திலிருந்து சர்க்கரை எடுத்தார்.

தணலில் சுட்டால் கதை வேறு. தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதால் அவித்த கிழங்கு வெள்ளையாகவே இருக்கும். சுடும்போது மேற்பரப்பு காய்ந்து சூடு மேலும் ஏறும். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் டெக்ஸ்ட்ரின்களாக உடைந்து, தோல்புறம் பழுப்பாகும். சீனியோ சுமார் 160 பாகைக்கு மேல் உருகிச் சிதைந்து கேரமலாகும்.

ஆனால், எப்படிச் சமைத்தாலும் கிழங்கில் இல்லாததை நெருப்பு கொடுக்காது. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. வைட்டமின் பி1-உம் குறைவு. வயிறு நிறைஞ்சுது, ஆனா உடம்பு தேறலை. பெரிபெரியும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த ஆண்டுகளில் பலரை வாட்டின.

"போர்க்காலத்தில் மக்கள் மரவள்ளி உண்டனர்" என்று ஒரு வரியில் விடையை முடிக்காதீர்கள். பசி அடங்கியும் நோய் ஏன் வந்தது என்பதையும் எழுதுங்கள். அங்கேதான் அந்த மக்கள் பட்ட பாடு தெரியும்.