நெடுந்தீவு வளவும் தேனீயும்

நெடுந்தீவின் வரலாற்றைப் பேசப் புகுவோர் குதிரையில் தொடங்கிக் கோட்டையில் முடிப்பது வழக்கம். போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658-இல் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைத் தீவுக்குச் சூட்டி 'டெல்ஃப்ட்' என்றனர். அந்நியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளிகளில் மேய்கின்றன. ஆபிரிக்காவுக்குரிய பெருக்கமரமும் அங்கு நிற்கின்றது. அதன் பூவோ மாலையில் விரிந்து ஓரிரவில் வாடுவது; பெரும்பாலும் வௌவாலுக்கே விருந்து. பகலில் உழைக்கும் தேனீக்கு வேறு பூ வேண்டும். அதன் கதையைச் சரித்திரக்காரர் அதிகம் எழுதவில்லை.

முன்னாளில் தேன் எடுப்பதென்றால் புகையிட்டுக் கூட்டையே அழிப்பதுதான். புழுவும் முட்டையும் சேர்ந்தே மடியும். 1851-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத், கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த இடைவெளியைத் தேனீ அடைப்பதில்லை எனக் கண்டு, கழற்றி மாட்டும் சட்டங்கொண்ட பெட்டியை அமைத்தார். நமது சிறிய தேனீக்கு அளவான பெட்டியை வகுத்தவர் திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார்; 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்கு அத்தொழிலைப் பயிற்றினார். 1924-இல் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் அதனைக் குடிசைத் தொழிலாக்கினார். பின்னர் 1991-இல் தென்னிந்தியாவில் பரவிய ஒரு நச்சுயிரி நோயால் மிகப் பல கூடுகள் வெறுமையாயின.

பெட்டி வீடுதானே! உணவு வளவில் இருக்கவேண்டும். நெடுந்தீவிலோ மாரி மழை சில மாதங்களே. பின்னர் நெடுங்கோடை, அதனுடன் தடையின்றி வீசும் சோளகம். பலத்த காற்றில் தேனீ பறவாது. ஆதலால் அவ்வூரார் முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலி தேனீக்கும் அரணாகின்றது. அதன் காற்றுமறைவில் துளசியும் கத்தரியும் பூசணியும் நடுக. கல்லிடுக்குகளைச் சாந்திட்டு மூடாதீர்கள். தனித்து வாழும் சிறு தேனீ இனங்கள் அத்தகைய இடுக்குகளில் முட்டையிடும். முருங்கையும் வேம்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பின் கோடைப் பசி தணியும். ஆண்பனை பூக்கும் காலத்தில் மகரந்தத்துக்குக் குறைவில்லை.

நன்னீர் அரிதான தீவு அது. கிணற்றடியில் அகன்ற சட்டியொன்றில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை மூழ்காதபடி நீர் விட்டு வைத்தால் தேனீ நனையாது அமர்ந்து குடிக்கும். நாள்தோறும் நீரை மாற்றுதல் நன்று. இல்லையேல் நுளம்பு பெருகும்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வாராவிடின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பூச்சிமருந்தைக் காலையில் தெளிப்பவர் பூச்சியோடு தம் காயையும் இழக்கின்றார். தெளித்தே ஆகவேண்டுமாயின் பொழுது மங்கியபின் தெளிக்கலாம். அதற்குள் தேனீ கூடு திரும்பியிருக்கும்.