பூசணிக் கொடியின் பூர்வீகம்

எம்மவர் வீட்டுப் பின்வளவுகளிற் பூசணி படரக் காணும்போதெல்லாம், ஊர் விதையை அந்நிய மண்ணில் ஊன்றிவிட்டோம் என்ற பெருமிதம் நமக்கு எழுவதுண்டு. நீற்றுப்பூசணியைப் பொறுத்தவரை அது சரியே. மஞ்சட் பூசணிக்கோ இக்கண்டமே தாயகம். மெக்சிக்கோவின் குகையொன்றிற் கிடைத்த பூசணியின விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. ஐரோப்பியர் கப்பல்களே அவ்வினத்தைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தன. தமிழகத்தார் அதனைப் பறங்கிக்காய் என்றழைப்பது காரணமின்றியன்று.

ஒன்ராறியோவிலும் அதனை நெடுங்காலம் பயிரிட்டோர் உளர். பிரெஞ்சுக்காரர் ஹியூரன் எனப் பெயரிட்ட வென்டாற் மக்கள் அவர்கள். ஸ்காபரோவின் டேபர் குன்றில் 1956இல் வெளிப்பட்ட ஈமக்குழி அவர்தம் முன்னோருடையதே. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய 1619க்கு நான்காண்டு கழித்து, கப்ரியேல் சகார் என்னும் பிரெஞ்சுத் துறவி ஜோர்ஜியன் குடாப் பகுதியில் அம்மக்களோடு தங்கினார். அவர்கள் விதை முளைக்கவைத்த முறையை 1632இல் வெளிவந்த தம் நூலில் விவரிக்கிறார். உளுத்த மரத்தூளை மரப்பட்டைப் பெட்டியிற் பரப்பி, விதையிட்டு, மீண்டும் தூளால் மூடி, அடுப்புப் புகைபடும்படி தொங்கவிடுவர். அந்தச் சூட்டில் விதை முளைக்கும். வெளியே குளிர் தணிந்ததும் எடுத்து நடுவர். கோடை குறுகிய நாட்டில் இதனினும் சிறந்த உபாயம் ஏது? சித்திரையில் நாம் யன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் விதை போடுவதும் இதுவேயன்றோ!

காயைக் கீறி உலர்த்தி மாரிக்கு வைப்பதும் இந்நாட்டுப் பூர்வகுடிகளின் வழக்கம். நமக்கு அத்துணைச் சிரமம் வேண்டியதில்லை. உறைபனிக்கு முன் காம்போடு அறுத்து, பத்து நாள் வெயிலில் வைத்துத் தோலை இறுகவிட்டு, 10 முதல் 13 பாகைச் செல்சியஸ் குளிருள்ள உலர்ந்த நிலக்கீழறையில் ஒன்றோடொன்று முட்டாது வைத்தால் தை வரை தாங்கும். காம்பு முறிந்ததை முதலிற் சமைத்துவிடுக.

பஞ்சத்துக்கு அஞ்சி ஓராண்டுத் தேவைக்கு மேலாகவே சோளம் சேமித்தவர்கள் வென்டாற் மக்கள். ஆயினும் ஹோடினோசோனி கூட்டமைப்பினரின் படையெடுப்பு முற்றிய 1649இல், தம் ஊர்களைத் தாமே எரித்துவிட்டு இன்று கிறிஸ்தியன் தீவு எனப்படும் இடத்துக்கு ஒதுங்க நேர்ந்தது. புதிதாய்த் திருத்திய நிலம் போதிய விளைவு தரவில்லை. போருக்குத் தப்பியோரிற் பலர் அம்மாரியின் பசியில் மாண்டனர். 1650இல் ஏறத்தாழ 300 பேர் கியூபெக் நகரை நோக்கிப் புறப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் அந்நகரருகே வென்டேக் என்னும் ஊரில் இன்றும் வாழ்கின்றனர்.