மனச்சிதைவு நோயாளர்களுக்கான சமூக அறிதிறன் பயிற்சி: தோற்றமும் வளர்ச்சியும்

சமூக அறிதிறன் என்பது பிறருடைய முகம், குரல், சைகை, பேச்சு ஆகியவற்றிலிருந்து அவர்களின் மனநிலையையும் நோக்கத்தையும் உணர்ந்துகொள்ளும் திறனாகும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இத்திறன் குறைந்து காணப்படுகிறது. அதை வளர்க்க உருவான குழுப் பயிற்சிகளே சமூக அறிதிறன் பயிற்சி எனப்படுகின்றன.

மருந்துக்குப் பின் எஞ்சியது

1952 இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோயாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது. காதில் ஒலிக்கும் குரல்களும், பிறர் தமக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற நம்பிக்கைகளும் பலருக்கு அடங்கின. ஆனாலும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் பலரால் ஒரு வேலையில் நிலைக்கவோ நட்பைப் பேணவோ முடியவில்லை. 1970களில் அமெரிக்காவில் ராபர்ட் லிபர்மன் போன்றோர் வளர்த்த சமூகத் திறன் பயிற்சி இக்குறையை நீக்க முயன்றது. கண்ணைப் பார்த்துப் பேசுவது, உதவி கேட்பது போன்றவற்றை நோயாளர்கள் நடித்துப் பழகினர். என்ன பேசுவது என்பதற்கே இதில் முதலிடம்; எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்ற கேள்வி பின்தங்கியே இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் பிரென்னர் குழுவினர் உருவாக்கிய ஒருங்கிணைந்த உளவியல் சிகிச்சை, சமூகப் புலனுணர்வைத் தனிப் படியாகவே வைத்தது. ஒரு படத்தைக் காட்டி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் சொல்லச் செய்வார்கள். அதற்குப் பொருள் கூறுவது பிறகுதான். பின்னாளில் வந்த பல பயிற்சிகளின் வித்து இந்த எளிய முறையில் இருக்கிறது.

சிம்பன்சியிலிருந்து மனிதருக்கு

பிறருக்கும் மனம் உண்டு என்று உணரும் திறன் சிம்பன்சிக்கு உண்டா என்று 1978 இல் பிரேமாக், வுட்ரஃப் ஆகியோர் கேட்டனர். 1985 இல் அதே கேள்வி ஆட்டிசம் உள்ள குழந்தைகளை நோக்கித் திரும்பியது. 1992 இல் கிறிஸ்டோபர் ஃபிரித் தம் நூலில் அதை மனச்சிதைவு நோயோடு இணைத்தார். 1995 இல் ரியானன் கார்கோரன், ஃபிரித் முதலியோர் குறிப்புணர்தல் சோதனை ஒன்றை வெளியிட்டனர். வெயிலில் நடந்து வந்த விருந்தினர் "தொண்டை வறண்டுவிட்டது" என்றால் அவர் தண்ணீர் கேட்கிறார் என்பது நமக்குப் புரியும். இத்தகைய மறைமுகப் பேச்சின் உட்பொருளை நோயாளர்கள் பலர் தவறவிட்டனர்.

மணிச் சோதனை காட்டியது வேறொரு குறை. இரு சாடிகளில் இரு நிற மணிகள், ஒன்றில் 85க்கு 15, மற்றதில் 15க்கு 85 என்ற விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டப்படும் மணிகள் எந்தச் சாடிக்கு உரியவை என்று சொல்ல வேண்டும். பிறழ்நம்பிக்கை உடையவர்கள் மிகச் சில மணிகளைக் கண்டதுமே முடிவு கட்டுவதை 1988 இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயிற்சிகளின் வருகை

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் வோல்ஃப்காங் வோல்வர் குழுவினரின் உணர்ச்சி அறிதல் பயிற்சி 2005 இல் வெளிவந்தது. புருவம், கண், வாய் ஆகியவற்றின் மாற்றங்களைச் சொற்களில் விவரிக்கப் பழக்கும் 12 அமர்வுகள் அதில் உண்டு.

இதைவிட விரிவானது, அமெரிக்காவின் வட கரோலினாவில் டேவிட் பென், டேவிட் ராபர்ட்ஸ் முதலியோர் உருவாக்கிய சமூக அறிதிறன் மற்றும் ஊடாட்டப் பயிற்சி. நண்பர் ஒருவர் தெருவில் கண்டும் பேசாமல் போகிறார் என்று கொள்வோம். அவர் மேல் பழிபோடுபவர் ஒருவர், தன் மேலேயே பழிபோட்டுக்கொள்பவர் ஒருவர், அவருக்கு ஏதோ அவசரம் போலும் என்று சூழலைக் கருதுபவர் ஒருவர். இம்மூன்று போக்குகளையும் மூன்று கற்பனைப் பாத்திரங்களாக்கிக் காட்டுவார்கள். கண்ட செய்தி எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்ப்பதும், கடைசிக் கட்டத்தில் அந்த ஊகத்தை உரியவரிடமே கேட்டுச் சரிபார்ப்பதும் கற்பிக்கப்படுகின்றன.

இந்தியாவில் இத்திறனை அளப்பதே முதல் சிக்கலாயிற்று. மேலைநாட்டு முகங்களையும் அங்குள்ள நாகரிக வழக்கங்களையும் கொண்ட சோதனையில் ஒருவர் தவறினால், குறை அவரிடமா சோதனையிடமா? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் இந்திய நடிகர்களின் முகபாவங்களைக் கொண்ட 'டிரெண்ட்ஸ்' கருவியையும், பின்னர் 2011 இல் 'சாக்ரடிஸ்' என்ற சோதனைத் தொகுப்பையும் வெளியிட்டனர்.

விளைவு

கர்ட்ஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர் 2012 இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். முக உணர்ச்சியை அறிவதில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. பிறர் மனத்தை ஊகிப்பதிலும் ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் பழிபோடும் போக்கு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. பிறழ்நம்பிக்கைக்கு மிக நெருக்கமான குறை அதுதான் என்பதால் இம்முடிவை எளிதில் ஒதுக்க முடியாது. படத்தில் முகத்தைச் சரியாகப் படிப்பவர் வேலையிடத்தில் மேலாளரின் முகத்தையும் அப்படியே படிப்பாரா என்பதும் தனிக் கேள்வி. இதற்காகவே பென் குழுவின் பயிற்சியில் உறவினரோ நண்பரோ பயிற்சித் துணையாகச் சேர்க்கப்படுகிறார். அமர்வில் கற்றதை நோயாளர் வெளியே அவரோடு பழகிப் பார்க்கிறார்.