அக்காவும் தம்பியும்: சார்லஸ் லாம், மேரி லாம்

ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதை வடிவில் படித்தவர்கள் பலர் "லாம்" என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். 1807இல் வெளிவந்த அந்தத் தொகுப்பை எழுதியவர்கள் இரண்டு பேர்: அக்கா மேரி, தம்பி சார்லஸ். மொத்தம் 20 கதைகளில் 14 மேரி எழுதியவை. ஆனால் முதல் பதிப்பில் சார்லஸின் பெயர் மட்டும்தான் இருந்தது. குழந்தைகளுக்காக அந்தக் கதைகளை எழுதிய மேரி, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தன் தாயைக் கொன்றவர். அது தெரிந்தே தம்பி அவருடன் வாழ்ந்தார்.

1796 செப்டம்பர் 22

லண்டனில் ஹோல்போர்ன் பகுதியில் ஒரு வாடகை வீடு. நடமாட முடியாத தாய், நினைவு மங்கிய தந்தை, வயதான அத்தை. 31 வயது மேரி பகலில் துணி தைத்துச் சம்பாதித்தார், இரவில் தாயைப் பார்த்துக்கொண்டார். 21 வயது சார்லஸ் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுத்தர். அவரே முந்தைய குளிர்காலத்தில் ஆறு வாரங்கள் மனநோய் விடுதியில் இருந்து வந்தவர்.

மேரியின் போக்கு சரியில்லை என்று கண்டு அன்று காலை சார்லஸ் மருத்துவரைத் தேடிப் போனார். மருத்துவர் வீட்டில் இல்லை. பிறகு சாப்பாட்டு நேரத்தில் மேரி மேசைக் கத்தியை எடுத்துக்கொண்டு, தையல் பழக வந்த சிறுமியைத் துரத்தினார். தடுத்த தாயின் மேல் கத்தி பாய்ந்தது. சார்லஸ் கத்தியைப் பிடுங்கியபோது தாயின் உயிர் போயிருந்தது.

மரண விசாரணையில் இது சித்தம் கலங்கிய நிலையில் நடந்தது என்று முடிவானது. இப்படிப்பட்டவர்களைக் கட்டாயமாகக் காவலில் வைக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1800இல்தான் வந்தது. அதனால் குடும்பம் பொறுப்பேற்றால் மேரி வெளியே வர வழியிருந்தது. அவரை ஆயுள் முழுக்க விடுதியிலேயே வைத்துவிடலாம் என்பது அண்ணன் ஜானின் எண்ணம். சார்லஸ் மறுத்தார். அக்காவை ஆயுள் முழுக்கத் தானே பார்த்துக்கொள்வதாக உறுதி கொடுத்தார்.

அன்பும் கணக்கும்

உறுதி கொடுத்த சார்லஸ் அக்காவை உடனே வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. மனைவியை இழந்த தந்தை அந்த வீட்டில்தான் இருந்தார். சில மாதங்கள் மேரி இஸ்லிங்டனில் ஒரு தனியார் விடுதியில் இருந்தார். குடும்பத்தின் வருமானம் எவ்வளவு, அதில் அக்காவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று சார்லஸ் நண்பர் கோல்ரிட்ஜுக்குக் கணக்குப் போட்டு எழுதினார். ஆண்டுக்கு 50, 60 பவுன் தரலாம் என்று கண்டார். 1797இல் ஹாக்னியில் மேரிக்குத் தனி அறை எடுத்தார். ஞாயிறும் விடுமுறையும் அங்கே போய் இருந்தார். 1799இல் தந்தை இறந்த பிறகுதான் இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள்.

நோய் திரும்பத் திரும்ப வந்தது. இன்றைய பார்வையில் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இருவருக்கும் இடையே ஓர் ஏற்பாடு இருந்தது. தூக்கமின்மை, படபடப்பு போன்ற அறிகுறிகள் தெரிந்தால் வீட்டில் வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதில்லை. உடனே விடுதிக்குப் போய்விட வேண்டும். குணமானதும் வீடு. ஒருமுறை இருவரும் கைகோத்து, அழுதுகொண்டே ஹாக்ஸ்டன் விடுதியை நோக்கி வயல்வழி நடந்து போனதை ஒரு நண்பர் பார்த்திருக்கிறார்.

வெளியூர் போகும்போது முரட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கட்டுச்சட்டையும் பெட்டியில் போகும். அதை மடித்து வைப்பவர் மேரியேதான். 1822இல் பிரான்சுக்குப் போனபோது ஒரு தாதியையும் கூட்டிச் சென்றார்கள். அது நல்லதாகப் போயிற்று, வழியிலேயே மேரிக்கு நோய் வந்துவிட்டது.

சார்லஸ் கம்பெனி வேலையை 33 ஆண்டுகள் விடவில்லை. வாரம் ஒருநாள் மாலை நண்பர்கள் வீட்டில் கூடிச் சீட்டாடினார்கள், பேசினார்கள். அந்தச் சபையை நடத்தியவர் மேரி. நோயில்லாத நாட்களில் அவர் நோயாளி அல்ல, வீட்டுக்கு உரியவர், எழுத்தாளர். 1815இல் தையல் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வசதியுள்ள பெண்கள் பொழுதுபோக்குக்குத் தைப்பது, பிழைப்புக்குத் தைப்பவர்களின் கூலியைப் பறிக்கிறது என்று அதில் வாதிட்டார். பல ஆண்டுகள் தைத்தே குடும்பத்தைத் தாங்கியவரின் குரல் அது.

எல்லை கடந்த இடம்

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. அக்கா விடுதியில் இருக்கும் நாட்களில் சார்லஸைத் தனிமை வாட்டியது. குடி கூடியது. 1819இல் நடிகை ஃபேனி கெல்லியைத் திருமணத்துக்குக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். ஊர்ப் பேச்சும் துரத்தியது. 1800இல் அதனாலேயே ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் நோய் நீண்ட மாதங்கள் நீடித்தது. பிரிந்து பிரிந்து வாழ்வதை இனித் தாங்க முடியாது என்று 1833இல் சார்லஸ் வேறு முடிவெடுத்தார். எட்மன்டனில் மனநோயாளிகளைப் பராமரிக்கும் தம்பதியின் வீட்டுக்கு மேரியுடன் தானும் குடிபோனார். கவனிப்பு அவர்களுடையது, துணை மட்டும் தம்பியுடையது.

1834 டிசம்பரில் தெருவில் விழுந்து முகத்தில் அடிபட்டது. அந்தக் காயம் முற்றி 27ஆம் தேதி சார்லஸ் இறந்தார். அவரது சேமிப்பும் கம்பெனி தந்த உதவித் தொகையும் மேரியைக் காப்பாற்றின. 1847இல் மேரி இறந்ததும் தம்பியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். அதுவரை நண்பர்கள் கொலைச் செய்தியை அச்சில் ஏற்றவில்லை. 1848இல்தான் உலகம் முழுக்கதையையும் அறிந்தது.

சார்லஸ் லாமைத் தியாகி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 38 ஆண்டுகள் அந்த உறவைத் தாங்கியது தியாகம் மட்டும் அல்ல. எதைத் தன்னால் செய்ய முடியும், எதை முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முடியாத நாட்களில் அக்காவை வேறு கைகளில் ஒப்படைத்தார். அப்படிச் செய்ததால்தான் ஒவ்வொரு முறையும் போய் அழைத்து வர அவரிடம் தெம்பு மிச்சமிருந்தது.