தரவுத்தளத் தொடக்கமும் நிறுத்தமும்

உறவுசார் தரவுத்தளத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும் அதன் நிர்வாகிக்கு மட்டுமே உரிய பணிகள். கணினியை அணைப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் ஒரே தகவலின் புதிய வடிவம் நினைவகத்திலும் பழைய வடிவம் வட்டிலும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு நிற்பது முறையான நிறுத்தம். அப்படி நிற்காமல் போனதைச் சரிசெய்வது தொடக்கத்தின் வேலை.

1970இல் எட்கர் காட் எழுதிய, உறவுசார் தரவுத்தளத்தின் மூலக்கட்டுரை அட்டவணைகளின் கணிதத்தைப் பேசுகிறது; இயந்திரம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பது அதன் பொருளன்று. 1974இல் ஐபிஎம் சான்ஹோசே ஆய்வகத்தில் தொடங்கிய சிஸ்டம் ஆர் திட்டம் அதை எதிர்கொண்டது. மாறிய வட்டுப் பக்கத்தை வேறிடத்தில் எழுதி, பழையதை நிழற்படியாக வைத்திருப்பது அங்கு கையாண்ட வழி. கூடவே, மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் ஒன்றும் இருந்தது. நிழற்படிக்கு ஆன செலவு அதிகம், லாக் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும் என்ற திசையில் அக்குழுவினரே பின்னாளில் எழுதினர். விற்பனைக்கு வந்த முதல் உறவுசார் தரவுத்தளம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மல்ட்டிக்ஸ் இயங்குதளத்துக்கான 1976இன் தயாரிப்பைச் சிலரும் 1979இன் ஆரக்கிளைச் சிலரும் சொல்வர். ஆரக்கிளின் முதல் வெளியீட்டுக்கே இரண்டாம் பதிப்பு என்றுதான் பெயர்.

பாதியில் நின்றதை மீட்கும் துறையில் அதிகம் எழுதப்பட்டது ஏரீஸ் முறையைப் பற்றியே. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1977இல் பட்டம் பெற்ற சி. மோகன், ஐபிஎம்மில் டான் ஹேடர்லி, புரூஸ் லின்ட்சே, ஹமீத் பிராஹெஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோருடன் எழுதி 1992 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரை அதை விவரிக்கிறது. ஏறத்தாழ எழுபது பக்கம். வீரபாண்டி வயலொன்றின் பட்டா மாறுதல் தேனி வட்ட அலுவலக சர்வரில் பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போய்விட்டதாகக் கொள்வோம். மீண்டும் தொடங்குகையில் ஏரீஸ் மூன்று நடை நடக்கும். நிலவரம் கடைசியாகக் குறிக்கப்பட்ட சோதனைப்புள்ளியிலிருந்து லாகைப் படித்து, யார் யாருடைய வேலை முடியாமல் நின்றது என்று முதலில் கணக்கெடுக்கும். அடுத்து, நின்ற கணம் வரை நடந்த எல்லாவற்றையும் திரும்ப நடத்தும். கைவிடப்படப்போகும் அந்தப் பட்டா மாறுதலும் இதில் சேரும். அழிப்பதற்காகவே ஒன்றைத் திரும்பச் செய்வது முதல் வாசிப்பில் வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் பழைய நிலை அச்சொட்டாகத் திரும்பிய பிறகுதான் முடியாதவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுக்க இயலும். அது மூன்றாம் நடை. எடுத்ததையும் லாகில் குறித்துக்கொள்வதால், சரிசெய்யும்போதே மறுபடி கரண்ட் போனாலும் எடுத்ததையே திரும்ப எடுக்க நேராது. டிபி2வும் எஸ்கியூஎல் சர்வரும் இவ்வழியைப் பின்பற்றின. மற்ற தயாரிப்புகள் இதற்கு எவ்வளவு கடன்பட்டவை என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

ஆரக்கிள் நிர்வாகிகளிடையே தொடக்கம் மூன்று படியாகப் பயிலப்படுகிறது. நோமவுன்ட் நிலையில் அமைவுக்கோப்பு படிக்கப்பட்டு நினைவகம் ஒதுக்கப்படும். மவுன்ட் நிலையில், தரவுக்கோப்புகள் எங்குள்ளன எனக் குறிக்கும் கன்ட்ரோல் கோப்பு திறக்கும். ஓப்பன் நிலையில் தரவுக்கோப்புகளும் லாகும் ஒத்துப்போனால்தான் பயனர்களுக்குக் கதவு திறக்கும். நிறுத்தத்துக்கு நார்மல், டிரான்சாக்‌ஷனல், இமீடியட், அபார்ட் என நான்கு முறைகள். நார்மல் மிகவும் மரியாதை தெரிந்தது: இணைப்பைத் துண்டிக்காமல் டீ குடிக்கப் போன ஒருவருக்காகவும் காத்திருக்கும். அதனாலேயே அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை, முடியாத வேலைகளைப் பின்னோக்கி எடுத்துவிட்டு நிற்கும் இமீடியட்டே வழக்கு. எதையும் சரிசெய்யாமல் அப்படியே நின்றுவிடும் அபார்ட் குறித்து நிர்வாகிகள் இரு கட்சி. மீட்பு முறை இருப்பதே அதற்குத்தானே என்பார் சிலர். வேறு வழியற்றபோது மட்டும் என்பார் சிலர். அபார்ட் கொடுத்து, வெளியாரை விடாமல் ஒருமுறை தொடங்கி, பிறகு ஒழுங்காக நிறுத்துவது இரு கட்சிக்கும் நடுவே நிலவிய பழக்கம். இவற்றுக்காக நிர்வாகிகள் உள்ளே நுழையப் பயன்படுத்திய ‘கனெக்ட் இன்டர்னல்’ என்னும் பழைய கட்டளை ஆரக்கிள் 9i பதிப்போடு விடைபெற்றது.

பெர்க்லியில் பிறந்த போஸ்ட்கிரெஸ் பழையதன்மேல் எழுதாத சேமிப்பை நம்பியிருந்தது. தரவுக்கோப்பில் எழுதுமுன் மாற்றத்தைக் குறித்துக்கொள்ளும் முன்னெழுது லாக் 2001இல் 7.1 பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரெஸின் ஸ்மார்ட், ஃபாஸ்ட், இமீடியட் என்னும் நிறுத்த முறைகளில் கடைசியானது ஆரக்கிளின் இமீடியட்டுக்கு அல்ல, அபார்ட்டுக்கு நிகர். இரண்டையும் பார்ப்பவர்கள் இங்கு இடறுவதுண்டு. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி சேமிப்புப் பொறியில் ஓர் அமைவு எண் நிறுத்தத்தின் வேகத்தை முடிவுசெய்கிறது.

தமிழ்நாட்டில் நிலப்பதிவேடுகளுக்கான ‘தமிழ் நிலம்’ மென்பொருள் தொடக்கத்தில் வட்ட அலுவலக சர்வர்களிலேயே ஓடியது: வீரபாண்டிக்குத் தேனி, கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் உத்தமபாளையம். 2012இன் மின்வெட்டில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் சர்வரை முறைப்படி நிறுத்துவது இத்தகைய அலுவலகங்களில் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாக இருந்தது. பதிவேடுகள் பின்னர் மையச் சர்வருக்குச் சென்றன. பதிவுத்துறையும் 2018இல் ஸ்டார் 2.0 மென்பொருள் வழியே மையப்படுத்தப்பட்டது.

மேகக்கணிமையில் தொடங்கும், நிறுத்தும் பணி ஒரு பொத்தானாகச் சுருங்கியுள்ளது. அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் நிறுத்திவைத்த தரவுத்தளம், நிர்வாகி தொடங்காவிட்டால், ஏழு நாளில் தானே தொடங்கிவிடும்.