சிங்கப்பூர்த் திரையில் குறையுள்ள காதலன்: 1957 முதல் 1979 வரை

சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலைத் தாண்டிச் சற்று நடந்தால் இடப்பக்கம் பாலஸ்டியர் சாலை பிரிகிறது. அதிலிருந்து கிளைக்கும் சிறு தெருக்களில் ஒன்று ஜாலான் அம்பாஸ். மலாய் மொழியில் 'அம்பாஸ்' என்றால் சக்கை. அங்கே 8ஆம் எண் வளாகத்தில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் 1967 வரை இயங்கியது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் காதல் நகைச்சுவை எப்படி உருமாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேள்வி ஒன்றுதான்: காதல் கதையில் கேலிக்கு ஆளாகிறவர் யார்?

தொடக்கத்தில் அங்கே இயக்குநர் நாற்காலி இந்தியர்களுடையது. 1934இல் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ்தான் போருக்குப் பிறகும் ஷா நிறுவனத்துக்குப் படம் செய்தார். எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பி. என். ராவ், பணி மஜும்தார் என்று பட்டியல் நீளும். நடிகர்களில் பலர் பங்சாவான் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கதையின் எலும்புக்கூடோ பெரும்பாலும் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பழகிய ஒன்று. காதலர் இருவரும் மாசற்றவர்கள். குற்றம் விதியிடமோ, பணக்காரத் தகப்பனிடமோ, வில்லனிடமோ இருக்கும். 1948இல் ராஜ்ஹன்ஸின் 'சிந்தா'வில் வில்லனாக அறிமுகமான பினாங்கு இளைஞர் பி. ராம்லியை 1950இல் 'பக்தி' படத்தில் நாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். ராம்லியே இயக்கிய முதல் படம் 'பெனாரெக் பெச்சா' (1955). அதிலும் பழைய கணக்குதான். ரிக்‌ஷாக்காரன் உத்தமன், பெண்ணின் அப்பா கஞ்சன்.

திருப்பம் 1957இல் 'புஜாங் லாப்போக்' படத்தோடு வந்தது. தலைப்பையே தமிழில் 'மக்கிப்போன பிரம்மச்சாரிகள்' எனலாம். ராம்லி, அஜீஸ் சத்தார், எஸ். ஷம்சுதீன் ஆகிய மூவரும் கல்யாண வயது கடந்தவர்கள். கையில் காசில்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. பக்கத்துணையாக வந்துபோகும் கோமாளியிடம் அதுவரை ஒப்படைக்கப்பட்டிருந்த குறைகளெல்லாம் இங்கே காதலிக்கிற ஆள் மீதே ஏறிவிட்டன. இதைத்தான் அந்தப் படத்தின் முதன்மையான சாதனையாக நான் கருதுகிறேன்.

அடுத்து வந்த 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' (1959) இதை இன்னும் கூர்மையாக்கியது. மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. சிலம்ப வாத்தியார் போன்ற ஒரு தற்காப்புக் கலை ஆசானிடம் சீடர்களாகச் சேர்கிறார்கள். அவருடைய மகள் ரோஸ் முதியோர் வகுப்பில் ஜாவி (அரபு வரிவடிவ மலாய்) எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். வளர்ந்த ஆண்கள் எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, அந்த எழுத்துகளோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒரு சொல்லைத் தெம்பாக உச்சரிக்கும் காட்சி மலாய் ரசிகர்களின் நாவில் இன்றும் புழங்குகிறது. நாயகன் எவளைக் காதலிக்கிறானோ அவள் முன்னாலேயே அவன் அசடு வழிகிறான், அவள் அதட்டுகிறாள்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு 1941இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' நினைவுக்கு வரும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த கதை. டி. ஆர். ராமச்சந்திரன் நடித்த அந்தப் பணக்காரப் பேதையை மனைவிதான் படிக்க வைக்கிறாள். ஒன்றைப் பார்த்து மற்றது எடுக்கப்பட்டது என்று நான் வாதிடவில்லை. ஆனால் 'சபாபதி' திறந்த வழியில் பின்வந்த தமிழ்ப்படங்கள் அதிகம் நடக்கவில்லை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) எவ்வளவு அருமையான படமானாலும், அசட்டுத்தனத்தின் முழுச்சுமையும் நாகேஷின் செல்லப்பா தலையில்தான். காதலிக்கும் இளைஞர்கள் சீண்டுவார்கள், சீண்டப்படுவது அரிது. திரையில் வளர்ந்த அந்தச் சீண்டல் தெருவுக்கும் இறங்கியது. தமிழ்நாடு அரசு 1998இல் 'ஈவ் டீசிங்' தடைச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பழி முழுவதையும் சினிமா மேல் போடுவது நியாயமில்லை; பங்கே இல்லை என்பதும் பொய்.

ஜாலான் அம்பாஸுக்குத் திரும்புவோம். 1961இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' கேலியைக் கூடத்தின் மீதே திருப்பியது. மூன்று பிரம்மச்சாரிகளும் நடிகர் வேலை கேட்டு அதே படப்பிடிப்புக் கூடத்துக்கு வருகிறார்கள். வாசலில் சீக்கியக் காவலாளியிடம் மாட்டிக்கொள்கிறார்கள், உள்ளே வசனத்தைக் குழப்பி இயக்குநரின் பொறுமையைச் சோதிக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் அறைகள் தடுப்புப் பலகைகளால் பிரிக்கப்பட்டவை. இரவில் ஒருவர் மோட்டார்சைக்கிள் பழுதுபார்த்தால் வீடே விழித்திருக்கும். அந்த வீட்டில் காதல் என்பது அக்கம்பக்கத்தார் கண்ணெதிரில், அவர்கள் வாய்க்கு அவலாக நடக்கிற காரியம். நாயகி சல்மாவாக நடித்த சலோமாவை ராம்லி அதே ஆண்டு மணந்தார். 'மாடு தீகா' (1964) வரும்போது குறை கசப்பாகிறது. ஏமாளி போய், மூன்று மனைவியரிடமும் பொய் சொல்லிப் பிழைக்கும் ஏமாற்றுக்காரன் வந்துவிட்டான். அந்த ஆண்டே ராம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார்.

ஒண்டுக்குடித்தனமும் ஊர்க்கேலியும் சிங்கப்பூருக்கே உரியவை அல்ல. ஜப்பானில் ருமிக்கோ தகஹாஷி 1980இல் தொடங்கிய 'மெஸான் இக்கோக்கு' சித்திரக்கதையும், 1986 முதல் 1988 வரை 96 பகுதிகளாக வந்த அதன் அனிமே வடிவமும் இதே நிலத்தில் நிற்கின்றன. தேர்வில் தவறிய, முடிவெடுக்கத் தெரியாத இளைஞன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இளம் விதவை. அவனை நிம்மதியாக இருக்கவிடாத பக்கத்து அறைக்காரர்கள். இன்று இங்குள்ள இளையர் அனிமேயில் ரசிக்கிற 'கலாய்ப்பு', இரண்டு தலைமுறைக்கு முன் பாலஸ்டியரில் வேறு மொழியில் நடந்துகொண்டிருந்தது.

தமிழ்த் திரை சிங்கப்பூருக்கு வந்தது தனிக்கதை. எஸ். பி. முத்துராமனின் 'பிரியா'வை (1978) அடுத்து, கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' 1979 ஏப்ரலில் வெளியானது. இங்கே குறைகள் பங்கிடப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. ரஜினிகாந்தின் தீபக்குக்குத் திருட்டுக்கை. டொயோட்டா காருக்காகச் சுண்டுவிரலையே பணயம் வைத்துச் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற சபலமும் உண்டு. கமல்ஹாசனின் சந்துருவோ பாடகன், அழகன், குறையற்றவன். ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஜெயப்பிரதாவின் சோனா 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும் அசைத்துச் சந்துருவைத் திண்டாட வைக்கிறாள். சீண்டும் உரிமை அவள் கையில். சிங்கப்பூர் மண்ணில் எடுக்கப்பட்ட தமிழ்ப்படம் ராம்லியின் பக்கமாக வைத்த அரை அடி என்று இதைச் சொல்லலாம். முழு அடி இல்லை.

அப்படம் வெளியானபோது ஜாலான் அம்பாஸ் கூடம் மூடப்பட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராம்லி 1973 மே 29 அன்று, 44 வயதில், காலமாகியிருந்தார்.