பனையடியிலிருந்து நெடுஞ்சாலைக்கு

வன்னியில் ஒரு கள்ளுத் தவறணை எங்கே இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் மரங்களே தீர்மானித்தன. பாளையிலிருந்து சொட்டும் சாறு முட்டிக்குள் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய கள்ளு பொழுதுபடுமுன் கடுத்துவிடும். இரண்டொரு நாள் போனால் அது காடிதான். தூரத்து ஊருக்கு அனுப்பவோ சேர்த்து வைக்கவோ வழியில்லாததால், குடிப்பவர்கள்தான் மரத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பழைய தவறணைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாததற்கும் இதுவே காரணம்.

பூநகரிப் பக்கம் மணல் நிலமெங்கும் பனைதான். அங்கே தை பிறந்த பிறகு கள்ளு பெருகும், ஆடியோடு வற்றும். பளையில் தென்னந்தோட்டங்கள் அதிகம். தென்னங்கள்ளுக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுதும் கிடைக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கள்ளுக்குத் துணை பொரித்த மீனும் நண்டும். காடும் குளமும் வயலுமான வவுனியாவின் உட்பகுதிகளில் மரம் குறைவு, தவறணையும் குறைவு. பனங்கள்ளின் கடுப்பையும் தென்னங்கள்ளின் இனிப்பையும் வைத்து எந்த ஊர்க் கள்ளு நல்லது என்று வாதாடாத குடிகாரர் இங்கே அரிது.

அந்தக் கள்ளுக்குப் பின்னால் இருப்பது கடும் உழைப்பு. சீவல் தொழிலாளி காலில் ஏற உதவும் தளநாரும் இடுப்பில் கருவிகள் வைக்கும் இயனக்கூடுமாக ஒரு நாளில் பல மரங்கள் ஏறுவார். பாளையைப் பதமாகத் தட்டி, நுனியை மெல்லச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் கள்ளு. கைதவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இல்லாத சீவல் கிராமம் இல்லை.

இந்த உழைப்பின் மேல் அரசின் கை விழுந்தது மிக முன்பே. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் பெரும் செல்வர்கள் பலர் அந்தக் குத்தகையில்தான் உருவானார்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. சாராயத்திலிருந்து கள்ளைப் பிரித்துத் தனித் தவறணைகள் திறக்கப்பட்டதும் நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. பின்னர், ஒரு பகுதியில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்குள்ளவர்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையும் வந்தது. வடக்கில் மரவரி முறை நிலவிய காலத்தில் சீவுகிற மரத்துக்கு வரி கட்டிய தொழிலாளி தன் கொட்டிலிலேயே கள்ளை விற்றார்.

கொட்டிலில் கள்ளு வார்க்கப்பட்டது பனையோலைப் பிளாவில். குடித்து முடித்ததும் பிளாவை எறிந்துவிடலாம். பாத்திரம் தீட்டாகிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அது வசதியாயிற்று. கள்ளை இறக்கியவர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். வாங்கிக் குடித்தவர்களில் பலர் அவரைத் தங்கள் படலைக்கு உள்ளே விடாதவர்கள். குடாநாட்டுத் தேநீர்க்கடைகளில் அதே தொழிலாளிக்குப் போத்தலில்தான் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தால் மட்டும் இது மாறவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தோடு தொடங்கி, தேநீர்க்கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் அடிபட்டுப் போராடிய பிறகே கதவுகள் திறந்தன.

1970களின் தொடக்கத்தில் வந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளியின் நிலையை மாற்றின. உறுப்பினர் இறக்கும் கள்ளைச் சங்கம் அளந்து வாங்கும், தன் தவறணையில் விற்கும். கணக்கு எழுதப்பட்டது, சேமிப்பு பிடிக்கப்பட்டது, மரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது. விற்று மிஞ்சிய கள்ளு வடமராட்சியின் திக்கம் வடிசாலைக்குப் போய்ச் சாராயமானது. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் பிறந்தது.

உள்நாட்டுப் போர் முதலில் தின்றது மரங்களைத்தான். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றிகள் வேண்டுமென்று தோப்புத் தோப்பாகத் தறித்தார்கள். எறிகணை பட்டு வட்டிழந்த பனைகள் மொட்டையாக நின்றன. பளைக்கு வடக்கே முகமாலையில் கண்ணிவெடிகள் மண்ணுக்குள் கிடந்ததால், போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் தோப்புகளுக்குள் கால்வைக்க முடியவில்லை. பனை வளர்ந்து பாளை தர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செல்லும். இழந்ததை ஒரு தலைமுறைக்குள் ஈடுசெய்வது கடினம்.

2009இல் போர் முடிந்த பின் ஏ9 வீதி திறந்தது, வங்கிகள் வந்தன, மதுபானசாலைகளும் வந்தன. அவற்றுக்கு மரம் தேவையில்லை. வீதியும் அனுமதிப்பத்திரமும் போதும். தெற்கில் போத்தலில் அடைத்த சாராயமும் பியரும் லொறியில் வந்து இறங்குகின்றன. கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தையொட்டி இருக்கும். சாராயத்தில் முப்பதுக்கும் மேல். தவறணையில் கொடுத்த பணம் அன்று மாலையே அதே ஊர்ச் சீவல்காரர் வீட்டில் அரிசியாகிவிடும். மதுபானசாலையில் கொடுக்கும் பணத்தில் ஊருக்குள் தங்குவது மிகச் சொற்பம். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் புதிய அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் வெளியானபோது, வட மாகாணத்தில் கிளிநொச்சியின் பங்கு பெரிதாக இருந்தது பலரை அதிரவைத்தது. போரில் கணவரை இழந்து தனியே குடும்பம் சுமக்கும் பெண்கள் நிறைந்த மாவட்டம் அது. பாடசாலைக்கும் கோயிலுக்கும் கிட்ட மதுபானசாலை வேண்டாமென்று அங்கே மக்கள் வீதிக்கு வந்து போராடியிருக்கிறார்கள்.

கள்ளை அரசு எப்படிக் கையாளலாம் என்பதற்கு அக்கம்பக்கத்தில் இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகளே மதுவைச் சில்லறையாக விற்கின்றன. பனையேறிகள் அந்தத் தடையை நீக்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேரளமோ கள்ளுக்கடைகளை உரிமம் கொடுத்துக் காத்தது. 1969இலேயே கள்ளுத் தொழிலாளருக்கென நலநிதிச் சட்டம் இயற்றியது. கப்பையும் மீன்குழம்பும் தேடிக் குடும்பத்தோடு போகிற கடைகளும் அங்கே உண்டு.

வன்னியின் சங்கங்கள் இன்னும் இயங்குகின்றன, ஆனால் மரம் ஏற இளைஞர்கள் முன்வருவதில்லை. ஆபத்தான தொழில், பழைய சாதி இழிவின் நினைவு, கூலிவேலையில் கிடைக்கும் நிச்சயமான சம்பளம் என்று காரணங்கள் தெளிவானவை. ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவி, விபத்துக்கு முழுக் காப்புறுதி, முதுமைக்கு ஓய்வூதியம், கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் நியாய விலை ஆகியவை கிடைத்தால் அந்தக் கணக்கு மாறக்கூடும். புதிய மதுபானசாலைக்கு அனுமதி கொடுக்கும் முன்பு அந்தப் பிரதேசத்துச் சங்கத்தையும் பெண்களையும் கேட்க வேண்டும் என்பது அங்கே உள்ளவர்கள் வைக்கக்கூடிய மிக நியாயமான கோரிக்கை. ஊர்மக்களே வாக்களித்துத் தவறணையை மூடவைக்கும் உரிமை ஒரு நூற்றாண்டுக்கு முன்பு குடியேற்ற ஆட்சியிலேயே இந்த நாட்டில் இருந்தது.